சல்லடை அண்ணன் கொண்டு வந்த சீர்

மனுஷரை நம்பாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பேங்கை நம்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன். காற்றை நம்பாத ஒரே ஆளை எங்கள் வீதியில்தான் பார்த்தேன். சலிக்காமல் வீட்டுக்குள் விடக்கூடாத பொருள் எது என்று கேட்டால் நீங்களும் நானும் மாவு என்போம். அவர் காற்று என்பார். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ நல்ல பெயர்தான். ஆனால் வாட்ச்மேனிலிருந்து பால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சல்லடை அண்ணன்.

கதை எங்கள் வீட்டுக் கூரையில் ஆரம்பிக்கிறது. சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளைக் கட்டியவருக்கு, ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்று வெறி. எல்லா வீட்டுக்கும் டக்ட் ஏசி வைத்துவிட்டார். சுவரில் தொங்குகிற பெட்டி கிடையாது. ஹால் கூரையில் ஜன்னல் அளவுக்கு ஒரு சட்டம் இருக்கும். அது வழியாக வீட்டுக் காற்றை மேலே இழுத்து, குளிர வைத்து, கூரைக்குள் ஓடும் குழாய் வழியாக அறை அறையாக அனுப்பும். குளிர் மட்டுமா, சூடும் பண்ணும்! கோயமுத்தூருக்கு எதற்குச் சாமி சூட்டு மெஷின் என்று ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை. நாம்தான் யாரையும் எதையும் மூஞ்சிக்கு நேராகக் கேட்கமாட்டோமே. இந்த மரியாதைதான் பின்னால் எங்கள் பருப்புச் சோற்றில் தண்ணீர் சொட்டக் காரணம். அதற்கு வருகிறேன்.

அந்தச் சட்டத்துக்குள் தூசி பிடிக்க ஒரு பில்டர் மாட்ட வேண்டும். கடைக்குப் போனால் நைலான் வலை ஒன்று காட்டுவார்கள். மடிப்பு மடிப்பாகக் காகிதம் மாதிரி ஒன்று. ஆபரேஷன் தியேட்டருக்குப் போடுகிற கனமான ரகம் ஒன்று. மற்ற வீட்டுக்காரர்கள் ஏதோ ஒன்றைக் கொடுங்க என்று வாங்கி வந்துவிட்டார்கள். எங்களால் அப்படி முடியவில்லை. என் மனைவி சாந்தாமணிக்கு வீசிங்.

வெளியே எந்நேரமும் ஏதாவது கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். ரோட்டை இன்றைக்குப் போடுவார்கள், நாளைக்கே தோண்டுவார்கள். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஊட்டுக்குள்ள தூசி வராமப் பாருங்க. கொறையலீன்னா ஊட்டை மாத்தறதைத் தவிர வேற வழியில்லீங்க." சாந்தாமணிக்கு அந்த வீடு என்றால் உசிர். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அவிநாசியில் அவள் தங்கச்சி வீட்டு மாடி காலியாகத்தானே இருக்கிறது என்று நான் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி சோற்றிலும் உப்பில்லை, குழம்பிலும் உப்பில்லை.

இந்த நேரத்தில்தான் மூலை வீட்டிலிருந்து சல்லடை அண்ணன் வந்தார். உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் பண்ணி ஓய்ந்தவர். சம்சாரம் தவறிவிட்டார். வெளிநாட்டில் இருக்கிற மகன் வாங்கிப்போட்ட வீட்டில் தனியாக இருக்கிறார். வந்தவர் என்னையும் பார்க்கவில்லை, சாந்தாமணியையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

"ஏனுங்க, மேல என்ன பில்டர் போட்டிருக்கறீங்க?"

"மொதல்ல காப்பி குடிங்கண்ணா," என்றாள் சாந்தாமணி.

தீர்ந்தது கதை. நம் பக்கம் பஸ் கண்டக்டரும் அண்ணாதான், பரோட்டா மாஸ்டரும் அண்ணாதான். யாரும் அதை மனசில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. இவர் ஏற்றிக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குக் கூடப் பொறந்த பொறப்பே இல்லை அம்மணி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பறம் மாப்ள, ஸ்டூல் இருக்குங்களா?" என்றார். நான் மாப்பிள்ளையானது இப்படித்தான்.

பில்டரைச் சோதிக்க அவரிடம் சொந்தமாக ஒரு முறை உண்டு. டேபிள் பேனுக்கு முன்னால் பில்டரை நிறுத்தி, பேனுக்குப் பின்னால் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டு, எதிரில் ஒரு ஆளை நிற்க வைப்பார். தும்மினால் பில்டர் பெயில். வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் இதைச் செய்து காட்டினார். கூட்டத்தில் பராமரிப்புச் செலவைப் பற்றிக் கத்திச் சண்டை போட வந்தவர்கள் எல்லோரும் ஒருத்தர் பாக்கியில்லாமல் தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து சண்டையில்லாமல் முடிந்த கூட்டம் அது ஒன்றுதான்.

அப்புறம் தேங்காய் நார் வந்தது. உடுமலையிலிருந்து நாரை வரவழைத்து, மெத்தை மாதிரி தைத்து, "கடையில விக்கறதெல்லாம் பிளாஸ்டிக்குங்க மாப்ள, இது இயற்கை" என்று எங்கள் கூரையில் மாட்டினார். ஏசியைப் போட்டதும் வீடு முழுக்கத் தேங்காய்க் களத்து வாசம். நாரிலிருந்து உதிர்ந்த தூசி மட்டும் பழைய தூசிக்கு அண்ணனாக இருந்தது.

கடைச் சரக்கை மாட்டினாலும் வம்புதான். பில்டர் ஓரத்தில் காற்று போகிற திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டிருப்பான். காற்று கூரைக்குள் போவதால் அம்பு மேலே பார்க்க வேண்டும். அண்ணன் கீழே பார்க்க வைப்பார். "காத்து நம்மளப் பாத்துத்தானுங்க வரோணும்? அப்பறம் அம்பு எதுக்குங்க அக்கட்டால பாக்குது?" என்பார். பதில் சொன்னால் இன்னொரு காப்பி ஆகும் என்பதால் நான் சொல்வதில்லை.

எங்கள் வீடு மட்டுமில்லை, வீதி பூராவுக்கும் பில்டர் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. "ரொம்ப நல்லாருக்குதுங்கண்ணா" என்று வாங்கி மாட்டுவது, அவர் தலை மறைந்ததும் கழட்டுவது. அவர் எந்த வீதித் திருப்பத்தில் தெரிந்தாலும் வாட்ஸப்பில் "அண்ணன் வாராருங்க" என்று செய்தி பறக்கும். உடனே வீட்டுக்கு வீடு ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் அவசரத்தில் ஏறி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அப்போதுகூட அண்ணனைப் பார்த்து, "சும்மா படுத்திருக்கறனுங்க," என்றுதான் சொன்னார்.

ஆடி மாசம் வந்தது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள்; எங்கள் வீதியில் பாதி மணல் லாரியே பறந்தது. ஆடி நோம்பியன்று காலையில் அண்ணன் வேட்டி சட்டையில் பளிச்சென்று வந்து நின்றார். கையில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, ஒரு சேலை. எல்லாவற்றுக்கும் மேலே நாலு மூலையிலும் மஞ்சள் தடவின ஒரு பில்டர்!

"பொறந்தவன் சீர் அம்மணி, வாங்கிக்க. ஆபரேசன் தியேட்டருக்குப் போடற ரகம். தூசி என்ன, எமனே வந்தாலும் உள்ள நுழைய முடியாது."

சீரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அறுபதை எட்டப்போகிற வயசில் பொறந்த வீட்டுச் சீர் கிடைத்த சந்தோஷத்தில் சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மாட்டினார். சந்து பொந்தில் பஞ்சு வைத்து அடைத்தும்விட்டார். இது சீர் பில்டர் ஆயிற்றே, கழட்ட மனசு வரவில்லை.

மத்தியானம் ஒறம்பரை வந்திருந்தார்கள். அவிநாசித் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும். அண்ணனுக்கும் சேர்த்து ஹாலிலேயே இலை போட்டோம். ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிறது, காற்றைத்தான் காணோம். பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சகலையின் இலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "நான் இன்னும் ரசமே கேக்கலீங்களே," என்றார். அடுத்த நிமிஷம் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால் உள்ளே பாளம் பாளமாக ஐஸ். "காத்துப் போகவே வழியில்லீங்க. அதான் ஐஸ் கட்டி ஒழுகுதுங்க," என்றார். ஏசியை நிறுத்தினோம். புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்தோம். ஆடிப் புழுதி அத்தனையும் உள்ளே வந்தது. பொழுது சாய்வதற்குள் சாந்தாமணிக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நெபுலைசர் வைத்து, முதுகைத் தடவி, மூச்சு ஒரு வழிக்கு வருவதற்குள் எனக்குப் பாதி உசிர் போய்விட்டது. "மாடியைக் கழுவிச் சுத்தம் பண்ணி வெய்யி," என்று அவள் எதிரிலேயே கொழுந்தியாளிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் அத்தனை நேரமும் சுவரோரமாக நின்றிருந்தார். சாந்தாமணிக்குப் பேச்சு வந்ததும் முதலில் அவரைத்தான் பார்த்தாள். எங்கள் வீதியில் யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

"அண்ணா, நீங்க மாட்டுன பில்டர்ல எனக்கில்ல, இந்த ஊட்டுக்கே மூச்சு முட்டிப்போச்சு. இனி வேண்டாமுங்க."

"செரி அம்மணி," என்றார். விறுவிறுவென்று வெளியே போனார். செருப்பைப் போட மறந்து வெறுங்காலோடு போய்விட்டார்.

அப்புறம் ஆளையே காணோம். வீதியில் ஸ்டூல் இழுக்கிற சத்தமே இல்லை. நியாயமாக எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். "அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து கேட்டார் பேங்க் மேனேஜர். சாந்தாமணி வாசலுக்கு வரும்போதெல்லாம் அந்தச் செருப்பைப் பார்ப்பாள், என்னை முறைப்பாள். என்னமோ வேண்டாம் என்று நான் சொன்ன மாதிரி! கடைசியில் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க," என்றாள்.

மூலை வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போகிறோம். எப்போதும் அவரல்லவா வருவார். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. கூரைச் சட்டத்தில் பில்டரே இல்லை. கட்டிக்கொடுத்தவர் ஒட்டின பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

"ஏனுங்க மச்சான், உங்க ஊட்டு ஏசி?" என்றேன்.

"போட்டதே இல்லீங்க மாப்ள. ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க அத்தனை குளுரு?"

ஊரில் இருக்கிற பில்டரையெல்லாம் இந்த மனுஷன் அலசியது தனக்காகவே இல்லை! ஹாலில் டேபிள் பேன், மிளகாய்த்தூள் டப்பா, சுவர் உயரத்துக்குப் பில்டர் அடுக்கு. மூக்கு சிவந்திருந்தது. எத்தனை தும்மல் தும்மினாரோ. அடுப்படியிலிருந்து மாவுச் சல்லடையை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"அம்மணி சொன்னது நெசந்தானுங்க. நானு தூசியை நிறுத்தறதையே பாத்துட்டு காத்தை மறந்துபோட்டேன். எதுவுமே கீழ உழுகாதுன்னா அது சல்லடையில்லீங்க மாப்ள, தட்டு!"

பிறகு அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். கனமும் இல்லை, வலை மாதிரி மெலிசும் இல்லை. மடிப்பு வைத்த நடுத்தர ரகம். மெஷின் எந்த ரகத்தைத் தாங்கும் என்று எங்கள் மெக்கானிக்கையே தேடிப்போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "ஆனா ஒண்ணுங்க. இதை மாசம் ஒருக்கா மாத்தோணும். அதுக்கு ஆளு வேணும்," என்று இழுத்தார். சாந்தாமணியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"ஆளைத்தான் பையில செருப்பை வெச்சுட்டுக் கூப்புட வந்திருக்கறோம். எந்திரிங்கண்ணா," என்றாள் அவள்.

அந்த பில்டர் எங்கள் கூரையில் நிலைத்து நின்றது. அம்பும் மேலே பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு குறைந்தது. வீட்டை மாற்ற வேண்டியதில்லை என்று டாக்டரே சொன்னார். அன்று சோற்றில் உப்பு ஒரு கல் எச்சாகவே இருந்தது. அவிநாசி மாடியை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

போன மாசம் அண்ணன் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். பில்டர் மாற்றுகிற நாள் தாண்டிவிட்டது. சாந்தாமணியின் மூச்சோடு விளையாட முடியுமா? நானே கடையில் அதே ரகம் வாங்கி மாட்டிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலைதான். நேற்று போன் வந்தது.

"மாப்ள, வந்துபோட்டனுங்க. பொழுதோட வாரேன். பில்டரை ஆரும் தொடலையல்லங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டாள். குப்பைக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்த பழைய பில்டரை எடுத்து வந்து கையில் திணித்தாள். "ஏறுங்க, வெசையா!" புதுசைக் கழட்டி அழுக்கை மாட்டிவிட்டு நான் இறங்கவும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

அண்ணன் வந்தார். காப்பிகூடக் குடிக்காமல் ஏறினார். அழுக்கு பில்டரை உருவி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"பாருங்க மாப்ள, நாலு நாள் நான் இல்லீன்னா இந்த ஊட்டு நெலமையை! மாத்தறதுக்கு ஒரு ஆளு உண்டுங்களா?"

"எங்கண்ணனை உட்டா ஆருக்குங்க இதெல்லாம் தெரியும்?" என்றாள் சாந்தாமணி, நான் வாங்கி மாட்டியிருந்த புது பில்டரைக் காலாலேயே சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு.