ஏழு டப்பாவும் ஓர் ஆசானும்

ஊருக்கு எது நல்லது என்று ஆராய்ந்து கண்டுபிடிப்பது சுலபம். அதை ஊரை ஆளுகிறவர்களின் மண்டையில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. இந்த உண்மையைத் தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் மேலதிகாரி, கமிட்டி, கூடப் பிறந்தவள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில், கோட்டுப் போட்டு நின்றபடி தெரிந்துகொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவனந்தபுரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் பயிற்சியை முடித்துவிட்டு, ஒரு சைக்கிள், ஒரு காக்கிக் கோட்டு, மரப்பெட்டிக்குள் ஒரு மைக்ராஸ்கோப் சகிதமாக வடசேரிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் வந்து இறங்கினேன். (மைக்ராஸ்கோப் சர்க்காருடையது. நடை மட்டும் என் சொந்தம். திவானே இறங்கி வருகிறார் என்று ஊர் நினைத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஊரிடம் யாரும் கேட்கவில்லை.)

என்னை அனுப்பியது கொக்கிப்புழுவை ஒழிக்க. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிற புழு அது. நாஞ்சில் நாட்டு வயல்களில் அதற்கு ராஜபோகம். நாற்று நடுகிற பெண்கள் முகம் வெளிறி, வரப்பில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். கண்ணேறு என்று சொல்லிக் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். அந்தப் பெண்களில் என் அக்காவும் ஒருத்தி. அவளைக் கட்டிக்கொடுத்த ஊரே அதுதான். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவாள். அதைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வரும்.

இதற்கு வழி இருந்தது. ஊர் முழுக்க மருந்து கொடுத்து, சந்தையிலும் வயலோரங்களிலும் குழிக் கக்கூசு கட்டினால் புழு ஒழியும். மற்ற நாடுகளில் ஆராய்ந்து நிரூபித்திருந்தார்கள். சர்க்காரும் உதவத் தயார். ஆனால் ஊர் சுகாதாரக் கமிட்டி சம்மதித்துத் தீர்மானம் போட வேண்டும். அவர்கள் மறுத்தால் திட்டம் மார்த்தாண்டம் பக்கம் போய்விடும் என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கமிட்டியில் ஏழு பேர். நான் இலங்கைத் தோட்டங்களில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றி நெடுநேரம் பொழிந்து தள்ளினேன். தலைவர் பூதலிங்கம் பிள்ளை, நஞ்சை புஞ்சை நிறைய உள்ள பண்ணையார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீரு சொல்லுகதெல்லாம் செரி. ஆனா அது சிலோன்காரனுக்க வயிறாக்கும். அவனுக்க வயித்துல புழு இருந்தா அதுக்கு நாம என்னத்துக்கு வே கக்கூசு கெட்டணும்?"

கொப்பரை வியாபாரி காதர் அவருக்கு ஒத்து ஊதினார். "நாம தேங்காயும் மீனும் தின்னு வளந்தவங்கல்லா. இந்த வயித்துல புழு நிக்குமா வே?"

வக்கீல் ஈசாக்கு தொண்டையைச் செருமினார். "வெளியூர்ச் சாட்சி இங்க செல்லாது. உள்ளூர் ஆதாரம் இருந்தா கொண்டாரும், பாப்போம்."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால், வயல் வேலைக்காரர்கள் நாலு பேரை முறையாகப் பரிசோதித்து ஆதாரம் கொண்டுவந்திருப்பார்கள். எனக்கோ நாடகம் தேவைப்பட்டது. "உள்ளூர் என்ன, உங்களிடமிருந்தே ஆதாரம் எடுத்துக் காட்டுகிறேன்" என்று பைக்குள் கைவிட்டு, ஏழு சின்னத் தகர டப்பாக்களை மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அதில் எதை நிரப்பித் தரவேண்டும் என்பதையும் விளக்கினேன்.

பிள்ளையின் வெற்றிலை வாய்க்குள் அப்படியே நின்றது. "இதுக்குள்ளயா? நாங்களா?"

"ஆமாம். புழு இல்லையென்றால் பயமெதற்கு?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதும். ஏழு பேரும் டப்பாவைத் தோளில் கிடந்த நேரியலுக்குள் மறைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

சொன்ன நாளில் ஏழு டப்பாவும் பெயர்ச்சீட்டோடு என் ஜாகைக்கு வந்து சேர்ந்தன. முதல் டப்பாவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கொக்கிப்புழு முட்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. இரண்டாவதிலும் அப்படியே. ஏழிலும் அப்படியே. ஏழிலும் முட்டையோடு கூடக் கொள்ளுத் தோலும் கிடந்தது. ஏழு வீட்டிலும் ஒரே நாளில் கொள்ளுதான் சமையலா என்று ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூளை உள்ளவனுக்கு வந்திருக்கும். எனக்குப் பெருமைதான் வந்தது. 'இந்த ஊரில் கொக்கிப்புழு மேல்மட்டத்திலும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது' என்று முடிவு கட்டி, கையோடு திருவனந்தபுரத்திலிருந்த என் மேலதிகாரி பெரிய டாக்டருக்கும் தகவல் அனுப்பினேன். அவரும் நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார். (வரவேண்டாம் என்று ஒரு தந்தி அடித்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும்.)

முடிவு சொல்லுகிற கமிட்டிக் கூட்டத்தன்று வாசலில் ஊரே திரண்டிருந்தது. பெண்கள் பக்கம் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் பக்கம் எல்லாருக்கும் முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு ஆசான் நின்றார். சிலம்பமும் வர்மமும் கற்றுத் தருகிறவர். சுற்று வட்டாரத்தில் அவரைப் போல உடற்கட்டு உள்ள ஆள் கிடையாது. ஊறவைத்த கொள்ளைத்தான் காலையில் தின்பார் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். (அதை யாராவது என்னிடமும் சொல்லியிருக்கலாம்.)

பெரிய டாக்டரை நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் எழுந்தேன். கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் முகத்தில் ஒரு கவலையும் இல்லாமல், பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கிய பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளூரப் பாவமாகக்கூட இருந்தது.

"தலைவர் பூதலிங்கம் பிள்ளை அவர்கள். கொக்கிப்புழு உண்டு!"

பிள்ளை நாற்காலியில் துள்ளினார். "இருக்காது வே! நல்லாப் பாத்தீரா?"

"மைக்ராஸ்கோப் பொய் சொல்லாது. அடுத்து, காதர் அவர்கள். உண்டு!"

"அல்லாவே! அது எப்பிடி இருக்கும்?" காதர் எழுந்தே நின்றுவிட்டார்.

நான் நிற்கவில்லை. ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் பிள்ளையைப் போலவே துள்ளினார்கள். வாசலில் நின்ற ஆசானின் முகம் மட்டும் பெயருக்குப் பெயர் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் "வக்கீல் ஈசாக்கு அவர்கள்" என்று தொடங்கியதுமே வக்கீல் மேஜையை அறைந்தார்.

"நிறுத்தும் வே! அது எனக்கதே இல்ல! ஆசானுக்கதாக்கும்!"

பிள்ளை மெதுவாகத் திரும்பினார். "என்னது, ஆசானுக்கதா? வக்கீலே, நானும் ஆசான்கிட்டல்லா வாங்குனேன்!"

"நானும்தான்" என்றார் காதர், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தபடி.

விஷயம் இதுதான். ஏழு பேருக்கும் தங்கள் வயிற்றின்மேல் நம்பிக்கை இல்லை. புழு இருப்பது ஊருக்குத் தெரிந்தால் கௌரவம் என்ன ஆவது? ஆகவே ஊரிலேயே ஆரோக்கியமான ஆள் யார் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாக யோசித்து, ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஆசான் வீட்டுப் புழக்கடைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளை ஒரு ஏத்தன் வாழைக்குலை கொடுத்திருக்கிறார். காதர் ஒரு டின் தேங்காய் எண்ணெய். வக்கீல், ஆசானுடைய வேலித் தகராறை இலவசமாக நடத்தித் தருவதாக வாக்கு. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எல்லாரும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். ஆசானும் சொன்ன சொல் மாறாமல் ஏழு டப்பாவையும் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்.

பெரிய டாக்டர் திருவனந்தபுரத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். என் பக்கம் திரும்பி மிக மென்மையாகக் கேட்டார். "ஏழு டப்பா. செரி. எத்ர ஆளு?"

"ஒரு ஆள், சார்."

அந்த இடத்தில் ஒரு குழிக் கக்கூசு இருந்திருந்தால் அதற்குள் குதித்திருப்பேன். திட்டம் மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். தூணோரம் நின்ற அக்காவை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என் பகட்டுக்கு அவள் கூலி கொடுக்கப் போகிறாளே என்று நெஞ்சு எரிந்தது.

அதற்குள் ஆசான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஒரே தட்டில் ஆளை மடக்கிப் போடுகிறவர். நான் மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் பதுங்கினேன். (அதன் உயரம் ஒரு முழம்கூட இருக்காது.)

"ஏலே, நீ கண்ணாடி வச்சுப் பாத்தது பூராவும் எனக்க வயிறாலே?"

"ஆமாம், ஆசானே" என்றேன்.

"எனக்கா புழு?"

"கொத்துக் கொத்தாக" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பிள்ளை அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்த மார்பையும் தோளையும் பார்த்துவிட்டு, குனிந்து தன் தொந்தியையும் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆசானுக்கே இந்தக் கெதின்னா, நம்ம கெதி என்ன வே?"

நான் நெடுநேரம் பொழிந்த இலங்கை ஆராய்ச்சி செய்யாததை அந்த ஒரு யோசனை செய்துவிட்டது. ஏழு பேரும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தடவினார்கள்.

ஆசான் மட்டும் அசரவில்லை. சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "கேட்டுக்கிடுங்க! இத்தன புழுவையும் உள்ள வச்சுக்கிட்டாக்கும் நான் இந்த ஊரு ஆம்பிளைகள எல்லாம் மலத்தி அடிச்சேன். அது போச்சுன்னா எனக்க பலம் என்னவாட்டு இருக்கும்? தம்பி, எடும் மருந்த! மொத ஆளு நானாக்கும்."

வக்கீல் அங்கேயே தீர்மானத்துக்கு வாசகம் சொல்லத் தொடங்கிவிட்டார். பெரிய டாக்டர்தான் கையமர்த்தினார். பயத்தில் போட்ட தீர்மானம் பயம் போனதும் போய்விடும், முதலில் ஒழுங்காகப் பரிசோதியுங்கள் என்றார். அடுத்த வாரம் மறுபடியும் டப்பா கொடுத்தோம். கமிட்டிக்கு மட்டுமல்ல, வயலில் வேலை செய்கிறவர்களுக்கும். அவரவர் டப்பாவை அவரவரே கொண்டுவந்தார்கள். நாற்று நடுகிற பெண்களில் அநேகமாக எல்லாருக்கும் இருந்தது. கமிட்டியிலும் பலருக்கு இருந்தது. பூதலிங்கம் பிள்ளைக்கு மட்டும் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று நின்ற மனிதர், தான் மட்டும் விட்டுப்போனதில் முகம் சுண்டிப்போய், "இன்னொருக்கப் பாரும் வே, எங்கயாவது ஒண்ணு இருக்கும்" என்று என்னை இரண்டு நாள் நச்சரித்தார்.

தீர்மானம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. மருந்து கொடுத்த அன்று, குமட்டுகிற அந்த மருந்து எண்ணெயை ஊரே பார்க்க முதலில் குடித்தவர் ஆசான்தான். அவர் குடித்த பிறகு ஒருவரும் முரண்டு பிடிக்கவில்லை. பெண்கள் வரிசையில் முதலில் நின்றது அக்கா. நான் அனுப்பிய அறிக்கையில், 'முதற்கட்டமாகப் பரிசோதிக்கப்பட்டவர்: ஒருவர்' என்று பெரிய டாக்டர் தன் கையாலேயே திருத்தினார்.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நான் பெரிய பதவிகளில் இருந்து, பெரிய பெரிய ஆட்களுக்கு ஆராய்ச்சி முடிவுகளை எடுத்துச் சொல்லி, ஓய்வும் பெற்றுவிட்டேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று இன்றும் மார்தட்டுவேன். ஆனால் வீட்டில் அந்தப் பருப்பு வேகாது. "தேங்காய் விலை ஏறப்போகிறதாம், ஊரே சொல்கிறது" என்று நான் வாயெடுத்தால் போதும். இப்போது எங்களோடு இருக்கும் அக்காவின் குரல் உள்ளேயிருந்து வரும்.

"ஊரே சொல்லுகா? ஏலே மக்கா, டப்பா எத்தன, ஆசான் எத்தன?"

பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வீராப்பாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவேன். பெரும்பாலும் ஒரே ஆசான்தான். அதைச் சொல்லாமல் நான் மறைக்கப் பார்த்தாலும் அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து இன்னொரு பாட்டம் சிரிப்பாள். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவளுக்கு மூச்சு வாங்குவது இப்போது அந்தச் சிரிப்பில் மட்டும்தான்.