வலது காது பெரியவனுக்கு, இடது காது சின்னவனுக்கு

கீழக்குயில்குடி,
மதுரை மாவட்டம்.

‘திசையொலி’ காலாண்டிதழின் மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பேருந்து நிலைய டைம் கீப்பர் நல்லகாமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி முத்துத்தாயும் கருப்பசாமி புண்ணியத்தில் இங்கே சுகம். தாங்கள் சுகமாக இருப்பது தங்கள் இதழின் அட்டைக் கனத்திலிருந்தே தெரிகிறது. அங்கே மழை உண்டா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்திருப்பேன். ஆனால் இது விசாரிப்புக் கடிதம் அல்ல, புகார்க் கடிதம். ஆகையால் மரியாதையை இந்தப் பத்தியோடு முடித்துக்கொள்கிறேன்.

நான் தங்கள் சந்தாதாரன் இல்லை. சந்தாதாரர் என் மகள் சத்யப்ரியாவின் கணவர், மாப்பிள்ளை ராம்கி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பதினோரு மாதத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர் என்பதால் பத்திரிகை, பார்சல், இன்சூரன்ஸ் தபால் எல்லாவற்றுக்கும் மாமனார் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த எழுத்தைப் படிக்காமல் வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூடக் கடைசி வரி வரை படிப்பேன். அப்படித்தான் தங்கள் சித்திரை இதழில் ‘கட்டறுத்த ஜாஸ்: உலகை உலுக்கிய ஏழு இசைத்தட்டுகள்’ என்ற இருபத்திரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை, எழுதியவருக்கும் புரியவில்லை என்பது புரிந்தது. மூன்றாம் தடவை கோபம் வந்தது. ‘மௌனத்தின் விலா எலும்பில் சாக்ஸபோன் ஆணி அறைகிறது’ என்கிறார். சரி, அவர் எலும்பு, அவர் ஆணி, நமக்கென்ன? ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தில், ‘இவ்விசை காலத்தைக் கைகழுவிவிட்டது, நேரம் என்பது ஒரு மூடநம்பிக்கை’ என்று எழுதியிருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? முப்பத்தொரு வருடம் டி. கல்லுப்பட்டி பேருந்து நிலையத்தில் வண்டி வந்த நிமிடத்தையும் போன நிமிடத்தையும் எழுதியவன் நான். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டியை நிற்கவிட்டான் என்று எந்த டிரைவரும் என்னைச் சொல்லிவிட முடியாது. அதையா மூடநம்பிக்கை என்கிறீர்கள்?

கட்டுரையோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மாப்பிள்ளை விடவில்லை. கட்டுரையில் சொன்ன தட்டுகளில் மூன்றை எங்கிருந்தோ வரவழைத்தார். அவையும் என் விலாசத்துக்குத்தான் வந்தன. போன் பண்ணி, “மாமா, கீறல் இல்லாம வந்திருக்கான்னு ஒரு தடவை போட்டுப் பாத்துருங்க” என்றார். தட்டு போடுகிற பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும் அவர் போன வீடு மாறியபோதே எங்கள் வீட்டில் அடைக்கலமாகியிருந்தன. போட்டேன். அறுபதாம் வருடம் அமெரிக்காவில் பதிவு செய்ததாம். இடது பெட்டியில் நாலு பேர், வலது பெட்டியில் நாலு பேர். இரண்டு கோஷ்டியும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். முத்துத்தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “இந்தாங்க, மிக்சிக்குள்ள கரண்டி கிரண்டி விழுந்துருச்சா?” என்றாள். வாட்சைப் பார்த்துக் குறித்தேன், முப்பத்தேழு நிமிடம். நடுவில் தட்டைத் திருப்பிப் போட்டால் சண்டை விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. இரண்டாவது தட்டில் மூன்றே பேர். அதில் ஒருவர் சாக்ஸபோனில் அழுத அழுகையைக் கேட்டு முத்துத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பாவம், இந்த ஆளு வீட்டுல யாருக்கு என்னவோ, இம்புட்டு அழுகுறான்” என்றாள். மூன்றாவது தட்டு ஜெர்மனிக்காரர்களுடையது. அதைப் போட்டு ரெண்டாவது நிமிடம் சமணர் மலையிலிருந்த மயில்கள் எல்லாம் பதில் குரல் கொடுக்க, பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. கீறல் எதுவும் இல்லை என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் யார் கண்டுபிடிப்பது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் வீரணன், கல்லுப்பட்டியில் ஹாலோ பிளாக் போடுகிறான். இளையவன் சின்னான், கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இருவரும் பேசி ஐந்து வருடம் ஆகிறது. சொத்துத் தகராறு என்றால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். ஊர்த் திருவிழாவுக்கு வைத்த பிளக்ஸில் தம்பி படம் மேலேயும் அண்ணன் படம் கீழேயும் வந்துவிட்டது, அவ்வளவுதான். “என் தலைமேல ஏறி உக்காந்துட்டான்” என்றான் பெரியவன். “பிளக்ஸ் அடிச்சவன் தப்புக்கு நான் என்ன பண்ண?” என்றான் சின்னவன். அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பெரியவன் காலையில் வருவான், சின்னவன் சாயங்காலம் வருவான். முத்துத்தாய் ஒரே நாளில் இரண்டு தடவை பொங்கல் வைப்பாள். அந்த இரண்டாவது பானை பொங்கும்போதெல்லாம் நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். ஏனென்று வெளியே சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. மாப்பிள்ளையின் குலசாமி கருப்பு எங்கள் ஊர் மலையடியில்தான் இருக்கிறது. சம்பந்தமே அப்படித்தான் வந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் இரண்டு. பிள்ளை ஒன்று. எவன் மடி? சத்யப்ரியா ஒரு வாரம் அழுதாள். கடைசியில் நான் ஒரு டைம் டேபிள் போட்டேன். வலது காது பெரியவன் மடியில், இடது காது சின்னவன் மடியில். பெரியவன் சீரோடு கோயில் தெருவின் கீழ்முனையில் காலை ஒன்பது பத்துக்கு நுழைய வேண்டும். சின்னவன் மேல்முனையில் ஒன்பது நாற்பதுக்கு. பெரியவனிடம், “மூத்தவன் நீதானப்பா, நீதான் முன்னாடி” என்றேன். சின்னவனிடம், “முக்கியமான ஆளு பின்னாடிதானப்பா வருவான்” என்றேன். இருவருக்கும் நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, படித்துக் காட்டச் சொல்லி, ஆபீஸ் பழக்கப்படி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முப்பது நிமிட இடைவெளி. திண்டுக்கல் வண்டிக்கும் தேனி வண்டிக்கும்கூட நான் இவ்வளவு கொடுத்ததில்லை.

நடந்தது என்ன? ஒன்பது பத்துக்கு இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் வெடிச்சத்தம். கீழே வீரணன், சீர்த்தட்டுகள், கல்லுப்பட்டி பேண்டு செட் பதினாலு பேர். மேலே சின்னான், சீர்த்தட்டுகள், கோரிப்பாளையம் முகமது யாசீன் பாயின் பேண்டு செட் பன்னிரண்டு பேர். தெரு ஒரு ஆட்டோ போகிற அகலம். கோயில் வாசல் நட்டநடுவில். இரண்டு செட்டும் வாசலில் மூக்கோடு மூக்கு முட்டி நின்று, அது ஒரு சினிமாப் பாட்டு, இது வேறொரு சினிமாப் பாட்டு, எவனும் நிறுத்துவதாயில்லை, நிறுத்தினால் தோற்றதாகிவிடும், ஆகவே வேகத்தைக் கூட்டினார்கள், பாட்டு போய் வெறும் ஊதல், தாளம் போய் வெறும் அடி, வீரணன் சின்னானைப் பார்க்காமலே, “எனக்குத்தான் ஒம்பது பத்து, கேட்டுக்கங்க!” என்று ஊரைப் பார்த்துக் கத்துகிறான், சின்னானும் ஊரைப் பார்த்து, “எனக்கும் ஒம்பது பத்துதான்யா!” என்கிறான், சரிபார்க்கலாம் என்றால் சீட்டுகளை முதல்நாளே கிழித்துப் போட்டுவிட்டேன், வீரணன் வேட்டியை மடித்துக் கட்டுகிறான், சத்யப்ரியா மொட்டை போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுகிறாள், இன்னும் ஒரு நிமிடத்தில் ரத்தம் பார்த்திருக்கும்.

அந்த நேரத்தில், பிள்ளையைப் பெற்ற தகப்பன், விழாவின் எஜமானன், தங்கள் சந்தாதாரர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேண்டு செட்டுக்கும் நடுவில் போய் நின்றார். விலக்கிவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடினார். சட்டையில்லாத உடம்பு, மார்பில் சந்தனம். ஒரு கையில் செல்போனைத் தீபம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட ஆரம்பித்தார். ரெக்கார்டு பண்ணுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். தங்கப்பொண்ணு பார்த்துவிட்டு, “ஆத்தீ! மாப்ளைக்குக் கருப்பு எறங்கிருச்சு!” என்று ஒரு குலவை போட்டாள். அதோடு போயிற்று. பூசாரி ஓடிவந்து மாப்பிள்ளை நெற்றியில் திருநீறை அப்பி, கக்கத்தில் எலுமிச்சம்பழத்தைச் செருகினார். மாப்பிள்ளை எதையும் உணர்ந்தவராகத் தெரியவில்லை. கட்டிப் புரளத் தயாராக நின்ற என் இரண்டு பிள்ளைகளும் தொப்பென்று அவர் காலில் விழுந்தார்கள்.

“சாமி, மூத்தவன் நானு. உள்ள மொத அடி எடுத்து வைக்கிறது யாருன்னு நீயே சொல்லிரு” என்றான் வீரணன்.

“நீ என்ன சொன்னாலும் கட்டுப்படுறேன் சாமி” என்றான் சின்னான்.

பேண்டுக்காரர்கள் சாமி வந்த அதிர்ச்சியில் லேசாகக் குரலை இறக்கினார்கள். மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, “நிறுத்தாதீங்க! யாரும் முந்த வேணாம், யாரும் பிந்த வேணாம்! ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டே ஒண்ணா வாங்க!” என்று உடம்பெல்லாம் நடுங்கக் கத்தினார். அவர் சொன்னது கிளாரினெட்காரர்களுக்கு. ஊர் கேட்டது குலசாமி வாக்கு. கருப்பசாமி தங்கள் இதழின் நாற்பத்துமூன்றாம் பக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தது அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

பிறகு என்ன, சாமி உத்தரவு. இருவரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தோளோடு தோள் உரச அந்த வாசலில் நுழைந்தார்கள். வாசல் ஒருவர் போகிற அகலம். நடுவழியில் சிக்கிக்கொண்டபோது சின்னான், “அண்ணே, தட்டு சாயுது” என்றான். ஐந்து வருடத்தில் முதல் பேச்சு. “ஒன் பக்கத்தப் பாருடா மொதல்ல” என்றான் வீரணன். முத்துத்தாய் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டாள். பேத்தியை வலது காதுக்கு ஒரு மடி, இடது காதுக்கு ஒரு மடி என்று மாற்ற நேரமில்லை. இரண்டு மாமன்களும் ஒட்டி உட்கார, இரண்டு மடியிலும் சேர்த்துப் போட்டுத்தான் குத்தினார் ஆசாரி. வெளியே இரண்டு செட்டும் சாமிக்குப் பயந்து நிறுத்தவே இல்லை. வாட்சைப் பார்த்தேன். அமெரிக்காக்காரர்கள் முப்பத்தேழு நிமிடம். எங்கள் தெருவில் நாற்பத்தொன்று. அதையும் தங்கள் கட்டுரையில் ஏற்றிக்கொள்ளுங்கள். யாசீன் பாய் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணே, முப்பது வருசமா வாசிக்கிறேன். எதுத்தாப்ல நிக்கிறவன் என்ன வாசிக்கிறான்னு இன்னிக்குத்தான் காது குடுத்துக் கேட்டேன், அல்லா மேல ஆணை” என்றார்.

நல்லபடியாகத்தானே முடிந்தது, புகார் எங்கே என்று தாங்கள் கேட்கலாம். மாப்பிள்ளை பத்து நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லி எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். வெள்ளி, செவ்வாய் வாசலில் கூட்டம். காணாமல் போன ஆடு, தண்ணி வராத போர்வெல், வரன் அமையாத பெண் என்று குறி கேட்கிறார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் காதில் மாட்டிக்கொண்டு அவர் இங்கிலீஷில் பேசுவதைச் சாமி பாஷை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். “நான் சாமியில்லைங்க, அது ஜாஸுங்க” என்று அவர் கும்பிட்டாலும், “அந்தப் பேருலயும் ஒரு கருப்பு இருக்கும்” என்கிறாள் தங்கப்பொண்ணு. வந்து குவிந்த எலுமிச்சம்பழத்தில் முத்துத்தாய் மூன்று ஜாடி ஊறுகாய் போட்டுவிட்டாள். இரண்டு பேண்டு செட்டும் இப்போது சேர்ந்து புக்கிங் எடுக்கிறார்கள். எதிரெதிராக நிறுத்தி வாசிக்க வேண்டுமாம். தங்கள் கட்டுரையின் கடைசிப் பகுதி ‘நீடித்த தாக்கம்’. ஐரோப்பா, ஜப்பான் என்று அடுக்கியிருக்கிறீர்கள். ஒரு கண்டத்தைக் கெடுத்தது போதாதென்று எங்கள் தெருவையும் கெடுத்துவிட்டீர்கள். ஆகவே நேரம் மூடநம்பிக்கை அல்ல என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடவும். இரண்டு வண்டியை ஒரே நேரத்தில் ஒரு இடத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. மாப்பிள்ளையின் சந்தாவை உடனே நிறுத்தவும். அந்த நேரச் சீட்டில் எங்கே தப்பு நேர்ந்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தங்களுக்கும், தங்கள் அச்சகத்தாருக்கும், மனசு வராவிட்டாலும் அந்தக் கட்டுரையாளருக்கும், எங்கள் கருப்பு காவலாக நிற்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறுவர்களுக்கு என் ஆசி. பேத்தியின் காது ஆறிவிட்டது.

இப்படிக்கு,
நல்லகாமன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அச்சில் போடலாம். இதைப் போட வேண்டாம். பிள்ளைகள் இருவரும் இப்போது இங்கே வந்து பத்திரிகை படிக்கிறார்கள். இரண்டு சீட்டிலும் ஒன்பது பத்து என்று எழுதியவன் நான்தான். அந்த நாற்பத்துமூன்றாம் பக்கத்தை நாலாவது தடவை படித்துவிட்டு, முதல் தட்டை இன்னொரு முறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். வளர்ந்த பிள்ளைகளிடம் போய், பேசுங்கடா என்று கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை; எனக்குத் தெரிந்தது நேரம் எழுதுவது ஒன்றுதான். வாசலில் முட்டிக்கொண்டாவது ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பெரியவன் வேட்டியை மடித்துக் கட்டியபோதுதான் நான் செய்த காரியத்தின் விபரீதம் உறைத்தது. மாப்பிள்ளைக்குச் சாமி வந்தது மட்டும் என் டைம் டேபிளில் இல்லை. அது தங்கள் கைங்கரியம். சந்தாவை நிறுத்த வேண்டாம், என் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வருகிற பொங்கலுக்கும் இருவருக்கும் ஒரே நேரம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முத்துத்தாய் இந்த வருடம் ஒரு பானை போதும் என்கிறாள்.