கோபுரத்துக்கு மேலே வந்தது கருடன் இல்லை

கும்பாபிஷேகத்தன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. கோபுரத்துக்கு மேலே ஒரு பருந்து வந்து வட்டமிட்டது.

2. கீழே நின்ற சனம் "கருடன்! கருடன்!" என்று கைகூப்பியது.

3. கோபுரச் சாரத்தின் உச்சியில் நின்ற எங்கள் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியார், "அது கருடன் இல்லை!" என்று கத்தினார்.

4. கும்பத்தைச் சரிக்கப்போன குருக்களின் கை அந்தரத்தில் நின்றது.

5. என்னைப் பார்த்துப்போக வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார், என் அம்மாவிடம், "உவரிட்டையோ உங்கடை பிள்ளை வேலை செய்யிறா?" என்று கேட்டார்.

அம்மா "ஓம்" என்றார். வேறென்ன சொல்வது?

எங்கள் அப்போதிக்கரியாரின் கண்ணுக்குத் தப்பி எந்தப் பருந்தும் இலங்கைக்குள் நுழைந்ததில்லை. பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர் வைத்தியர். நான் கொழும்பில் படித்துவிட்டு வந்து அவரிடம் மருந்து கலக்கியவள். புரட்டாதி, ஐப்பசியில் பருந்துகள் வடக்கேயிருந்து கடல் தாண்டி வரும். அவற்றை எண்ணுவதற்கு மலையுச்சிதான் தோது என்று எங்கோ வாசித்திருந்தார்.

"மலை இல்லாத ஊரிலை எனக்கு வேலை தந்தது அரசாங்கத்தின்ரை பிழை, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரித் தண்ணீர்த்தாங்கியில் ஏறிவிடுவார்.

உள்ளூர்ப் பருந்துகளை அவர் சட்டை செய்வதில்லை. "உவை எங்கடை ஆக்கள். வீட்டுக்காரரை ஆரும் எண்ணுறதோ? விருந்தாளியளைத்தான் எண்ண வேணும்."

ஒருநாள் ஒரு கிழவரின் நெஞ்சில் குழாயை வைத்து, "மூச்சை இழுத்துப் பிடி" என்றார். யன்னலுக்கு வெளியே ஏதோ பறந்தது. ஆளைக் காணோம். நான் உள்ளே போனபோது கிழவர் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தார். "பிள்ளை, இனி விடலாமோ?" என்று சைகையால் கேட்டார். நான்தான் விடச் சொன்னேன்.

எண்ணிக்கையை அவர் மேலேயிருந்து கத்துவார். நான் கீழே குறிக்க வேண்டும். "பிள்ளை, ஏழு!" என்றால், மருந்துக்கு நிற்கும் ஆச்சிமார் கலங்கிப்போவார்கள். "ஏழு குளிசையோ மேனை? ஒரேயடியாகவோ?" ஒவ்வொருவருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டும். படித்த படிப்புக்கு இதுவும் ஒரு வேலையா என்று முகம் சிவந்தபடியே சொல்வேன்.

அந்த ஆவணிக் கடைசியில்தான் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். ஊரிலேயே உயரமான இடம். அப்போதிக்கரியார் நேரே கோயில் மனேச்சரிடம் போனார்.

"உச்சியிலை நிக்கிற குருக்களுக்குத் தலைசுத்தினால் என்ன செய்வியள்?"

மனேச்சர் உருகிவிட்டார். "ஐயாவின்ரை மனசு ஆருக்கு வரும்!"

ஐயாவின் மனசு எங்கே என்று எனக்குத் தெரியும். மடியில் தூரக்கண்ணாடி இருந்தது.

கருடன் வந்து வட்டமிட்டால்தான் கும்பத்து நீரை ஊற்றுவார்கள். அன்று நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. சுபநேரம் முடியப்போகிற வேளையில் ஒரு பருந்து வந்தது. அப்போதுதான் அவர் கத்தினார்.

"ஐயா, நேரம் போகுது!" மனேச்சர் கீழேயிருந்து கெஞ்சினார். "ஒருக்காக் கருடன் எண்டு சொல்லுங்கோவன்!"

"எப்பிடிச் சொல்லுறது? இது பூனைப்பருந்து. கடல் தாண்டி இப்பதான் வருது. இந்த வருசத்தின்ரை முதலாவது! உங்களுக்குக் கருடன் வேணுமெண்டால் அது மீன்சந்தையடியிலை நிக்குது!"

கோபுர உச்சியிலிருந்து மீன்சந்தை. சனம் காதைப் பொத்தியது.

"உவரை இறக்குங்கோடா!"

"உவர் ஆர் சொல்ல?"

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் குனிந்து, அத்தனை பேருக்குள்ளும் கூறைப்பட்டில் நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டுபிடித்தார். "பிள்ளை! நீ சொல்லு. வாலடியிலை வெள்ளை தெரியுதோ, இல்லையோ?"

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. மாப்பிள்ளையின் தாயாரும் பார்த்தார். அம்மா என் கையை நுள்ளினார். அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. நான் மேலே பார்த்தேன்.

"தெரியுது, ஐயா."

பூனைப்பருந்து தன் பாட்டில் தெற்கே போய்விட்டது. மனேச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"பொறுங்கோ!" மேலேயிருந்து திரும்பவும் அவர்தான். "மேற்காலை ஒண்டு வருது... தலை வெள்ளை... முதுகு செம்மண் நிறம்... குருக்களையா, ஊத்துங்கோ! கருடன்! கருடன்!"

ஒருவரும் அண்ணாந்து பார்த்துச் சரிபிழை தேடவில்லை. அவர் சொன்னால் அது கருடன்தான். சனம் "அரோகரா" என்று முழங்க, குடம் சரிந்தது. அப்போதிக்கரியாரும் பக்தியில் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். சாரத்தைப் பிடித்திருந்த கையும் அதில் அடக்கம். உதவிக்கு நின்ற சின்னக்குருக்கள் வேட்டியில் எட்டிப் பிடித்திராவிட்டால், அன்று ஆஸ்பத்திரிக்கு வைத்தியர் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணீர் குடிக்காமலே போனார்கள். "பெட்டை உண்மைதான் கதைக்கிறா" என்றாராம் தாயார். "ஆனா, கோயிலிலை இப்பிடிக் கதைக்கிறவ வீட்டிலை என்னத்தைக் கதைப்பாவோ!"

மீன்சந்தையை ஊர் மன்னிக்கவில்லை. கையெழுத்து வைத்து மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. அவரை மலைநாட்டுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்து மலையைக் கொடுத்தார்கள்.

பஸ் ஏறும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்ரை காரியத்தைக் கெடுத்துப்போட்டன், பிள்ளை. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"அது பூனைப்பருந்துதானே, ஐயா."

சட்டென்று நிமிர்ந்தார். "வெள்ளை வடிவாத் தெரிஞ்சதோ?"

"வடிவாத் தெரிஞ்சது."

அந்தச் சிரிப்போடு பஸ் ஏறினார்.

இன்றைய நிலை இது. எனக்குக் கலியாணம் பொருந்தவில்லை. புதிய வைத்தியர் நிலத்தைப் பார்த்து நடப்பவர். அப்போதிக்கரியார் ஒரு மலையில் இருக்கிறார்; விருந்தாளிகள் அங்கே போய்ச்சேர நாளாகும், அதுவரை அவருக்குப் பொறுமை இராது. ஆகவே இந்த வருசம் புரட்டாதி பிறந்ததிலிருந்து, ஆட்கள் நடமாடுமுன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர்த்தாங்கியில் நான் ஏறி எண்ணுகிறேன்; எண்ணிக்கையை அவருக்குத் தபாலில் எழுதுகிறேன். யாராவது கண்டுவிடுவார்களோ என்று இன்னும் வெட்கம்தான். இன்று காலை இரண்டு வந்தன.