சிவப்பு வரி வந்தால் மட்டும் கூப்பிடவும்

நாகமலை புதுக்கோட்டை
ஆடி வெள்ளி, 2006

அன்பு மகன் சூரியபிரகாசுக்கு,

அப்பா சிவனாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் நலமாக இல்லை. ஆகவே இக்கடிதம். போனில் சொல்லியிருப்பேன். எடுத்ததும் 'அப்புறம் கூப்பிடுறேம்ப்பா' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா.

பெங்களூரில் உன் கம்பெனி மிஷின்கள் தங்களுக்கு என்ன நடக்கிறது என்று வரி வரியாக எழுதும், அது நெட் வழியாக நம் வீட்டுக்கு வந்து விழும், வாங்கிவைக்க ஒரு புரோகிராம் இருக்கிறது, கோளாறு என்று சிவப்பு வரி வந்தால் மட்டும் எனக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாதியில் பஸ் ஏறினாய். மீதியைப் போனில்தான் செட் பண்ணினோம். போன் முன்கட்டில, கம்ப்யூட்டர் உள்ரூமில. நீ சொல்றதை நான் கத்த, உங்கம்மா மவுஸைப் பிடிக்க, 'நெட் வழியா வாங்கு'ங்கிற கட்டத்துல டிக் போடு, போர்ட்டுங்கிற கட்டத்துல ஐநூத்திப் பதினாலுன்னு நம்பரை அடின்னு நான் போட்ட சத்தத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. அப்புறம் திரையில ஒண்ணு வந்து, வெளிய இருந்து ஆள் வருது, உள்ள விடவான்னு கேட்டிருக்கு. உங்கம்மா யாரு என்னன்னு தெரியாம வேண்டாம்னு அமுக்கிட்டா. ஒத்தையில இருக்கீங்க, முகம் தெரியாத ஆளுக்குக் கதவைத் திறக்காதீங்கன்னு நீதான சொல்லிட்டுப் போன. அதைச் சரி பண்ண நீ மறுபடி மறுபடி கூப்பிட்ட. அந்த வாரம் பூரா உன் குரல் கேட்டுச்சுடா வீட்டுல.

செட் ஆனதும் போன் நின்னுபோச்சு. வரி மட்டும் வந்துச்சு. காலையில நீ வேலையில உக்காந்ததும் உன் பேரு போட்டு ஒரு வரி விழும். அதைப் பாத்துட்டுத்தான் உங்கம்மா காபி குடிப்பா. சாயங்காலம் நீ எந்திரிச்சா வெளியேறினார்னு இங்கிலீசுல வரும். அர்த்தத்தைத் தெரியாத்தனமா உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துல இப்படியா சொல்லும், போயிட்டு வாரேன்னு சொல்லச் சொல்லுங்கன்னு என்கிட்ட சண்டை. மிஷினுக்கு அம்புட்டு நாகரிகம் தெரியாதுன்னா கேக்க மாட்டேங்குறா. முடிஞ்சா மாத்தி வை.

ஒரு நாள் சிவப்பு வரி வந்துச்சு. உங்கம்மா முகத்தைப் பாக்கணுமே, தீபாவளிதான். நான் போன் போட்டேன். அவ பக்கத்துல ரிசீவருக்குக் கையை நீட்டிக்கிட்டே நின்னா. நீ 'சரிப்பா, பாத்துக்கிறேன்'னு வச்சுட்ட. அவ நீட்டின கையை என்ன செய்யன்னு தெரியாம ஒயரைத் துடைச்சுட்டுப் போனா.

இப்ப போன வெள்ளியிலருந்து ஒரு வரியும் இல்ல. சிவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. ஒயரை ஆட்டிப் பாத்தேன், மோடம் லைட்டு ஜம்முனு எரியுது. யுனிவர்சிட்டி வாசல்ல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிற முத்திருளன் வந்து பாத்துட்டு, நெட்டு நல்லாத்தான் வருது மாமா, செட்டிங்ஸை மச்சான்கிட்டயே கேளுங்கன்னுட்டான். உன் பேரு விழுகாத காலையில எனக்கே என்னமோ போல இருக்குடா. வெறும் திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இதற்காக நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம். ஓய்வாகக் கூப்பிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடி போடாமல் திரையைப் பார்க்காதே. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவனாண்டி

பி.கு.: கவரை ஒட்டப் போனேன். யாருக்கு, என்னன்னு எழுதியிருக்கீங்கன்னு கேட்டுட்டு உங்கம்மா வாசப்படியிலயே உக்காந்துட்டா. "நாந்தான் நெட் வழியா வாங்குற அந்த டிக்கை எடுத்துவிட்டேன். எல்லாம் சரியா இருந்தா அவன் எதுக்குங்க கூப்பிடப் போறான்?" எங்க டிக் போடணும்னு எனக்குத் தெரியும், ஒரு நிமிஷ வேலை. போடல. மேல 'வர வேண்டாம்'னு எழுதினதை மட்டும் அடிச்சிட்டுப் படி. வந்து நீயே போடு.