பத்து பன்னிரண்டுக்கு நாட்டிய அடிக்கல்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆடு. எங்கள் ஊர் மகளிர் பாடசாலையின் புதிய மாடிக் கட்டடத்துக்கு வெட்டிய அடிக்கல் குழிக்குள் நின்று, வாசலில் கட்டுவதற்காக நீர்வேலியிலிருந்து ஏற்றிவந்த வாழையின் குருத்தை மென்றுகொண்டிருந்தது. அந்தக் குழி மூன்றாவது. முன்னைய இரண்டும், பிரதம விருந்தினர் வராத காரணத்தால், மண் விழுந்து தூர்ந்துபோயின.

நான் அப்போது பத்திரிகையில் சேர்ந்து எட்டு மாதமான நிருபர். குற்றத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். அன்றைய விழாச் செய்தியை முதல்நாள் மாலையே எழுதி அனுப்பியிருந்தேன்.

(விழாச் செய்திகளை அப்படித்தான் எழுதிப் பழகியிருந்தேன். பெயரையும் நேரத்தையும் மாற்றினால் போதும். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, "கல்வியே எமது மூலதனம் என அவர் சுட்டிக்காட்டினார்" எல்லாம் தயாராக இருக்கும். அதைச் சுட்டிக்காட்டாத விருந்தினரை நான் கண்டதில்லை.) சுபநேரம் 10.12இல் தொடங்கியது. இணையத்தில் சரியாக 10.12க்குப் போடும்படி குறிப்பும் எழுதியிருந்தேன். மற்றப் பத்திரிகைகளை முந்த வேண்டுமாம். இரண்டு தடவை வராதவர் மூன்றாம் தடவையாவது வருவார் என்பது என் கணிப்பு.

அந்தக் கட்டடத்தை எங்கள் வீடும் எதிர்பார்த்திருந்தது. தங்கை யாழினி பதினோராம் வகுப்பு முடித்து, சாதாரண தரப் பரீட்சை எழுதியிருந்தாள். கட்டட வேலை தொடங்கினால்தான் உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு அனுமதி என்று கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. வகுப்பு இல்லையென்றால் அவள் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். ஐந்தே முக்கால் பஸ்ஸில் அனுப்ப அப்பா சம்மதிக்கமாட்டார். பிறகு கலைப்பிரிவுதான். அவளுக்கு வேண்டியது பௌதிகவியல். அன்று சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

10.05க்குப் பாடசாலை அதிபரின் கைபேசி அடித்தது.

"ஓம் சேர்... ஓம்... விளங்குது சேர்."

விருந்தினருக்குக் கொழும்பில் அவசர அலுவலாம். வேறு திகதி அறிவிப்பார்களாம்.

"இனி எப்பவாம்?" என்றாள் யாழினி.

"நாளைக்கு ஆடி பிறக்குது," என்றார் குழியின் விளிம்பில் குந்தியிருந்த மேசன் அண்ணை. "இனி ஆவணிக்கு முன்னம் ஒருத்தரும் கல்லு வைக்க மாட்டினம்."

"அதுக்குள்ளை எல்லா இடமும் வகுப்புத் தொடங்கீடும்." அவள் கையிலிருந்த கிண்ணம் சரிந்தது.

எனக்கு அப்போதுதான் என் செய்தி நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மூன்றாவது அழைப்பு போய்க்கொண்டிருக்கும்போது, பெற்றோர் வரிசையிலிருந்து ஓர் அம்மா கைபேசியை உயர்த்தினார்.

"ரீச்சர்! கல்லு நட்டாச்சாம்!"

எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். உள்ளே ஆடு மட்டும் நின்றது.

"நான் தொடக்கூட இல்லை," என்றார் மேசன் அண்ணை.

அடுத்த நிமிடம் கனடாவிலிருந்து பழைய மாணவி ஒருவர் அதிபரை அழைத்து, சந்தோஷத்தில் அழுது, படம் கேட்டார். அதற்கடுத்த நிமிடம் எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னை அழைத்தார்.

"பிள்ளை, பிரதம விருந்தினர் எங்கை?"

நான் குழிக்குள் நின்ற ஆட்டைப் பார்த்தேன்.

"அவர் இஞ்சை ரீவியிலை நேரலையாக் கதைச்சுக்கொண்டிருக்கிறார். உம்மடை செய்தியிலை உங்கை கல்லு நடுறார். ஆளுக்கு ரெண்டு உடம்போ?"

அதிபர் என்னிடம் வந்தார். "உது நீர் எழுதினதோ?"

"ஓம் ரீச்சர்." (பத்தாம் வகுப்பில் கணக்கைப் பார்த்தெழுதிப் பிடிபட்டபோதும் இவரிடம் இதே குரலில்தான் சொன்னேன்.)

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சுபநேரம் எத்தினை மணி மட்டும்?"

"பத்து நாப்பது மட்டும் இருக்கு," என்றார் மேசன் அண்ணை.

"அப்ப ஆட்டைக் கலையுங்கோ. யாழினி, இஞ்சை வா. நீ நடு."

"நானோ? நான் என்ன அமைச்சரோ ரீச்சர்?"

"நீ வந்திருக்கிறாய். அது காணும்."

10.31க்குக் கல் குழிக்குள் இறங்கியது. நாதஸ்வரக்காரர் மூச்சுப்பிடித்து வாசித்தார். விருந்தினரின் மாலை யாழினியின் முழங்கால்வரை தொங்கியது. அவருக்கென்று எடுத்துவைத்த கேக்கையும் றோல்ஸையும் மாணவிகள் நான்கு நிமிடத்தில் முடித்தார்கள். நான் திருத்தம் அனுப்பினேன். நேரத்தையும் நாட்டியவரின் பெயரையும் மாற்றி, சுட்டிக்காட்டியதை வெட்டினேன்.

"இனிமேல் நடந்தாப் பிறகு எழுதும்," என்றார் பத்திரிகை ஆசிரியர்.

கல்வி அலுவலகப் படிவத்தில் 'அடிக்கல் நாட்டப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிபர் 'ஆம்' என்று எழுதி, திருத்திய செய்தியையும் படத்தையும் இணைத்தார். யார் நாட்டியது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஆடி முடியுமுன் வகுப்புக்கு அனுமதி வந்தது. நூலகத்தின் பாதியைப் பலகையால் மறைத்து வகுப்பைத் தொடங்கினார்கள்.

வீட்டில் இன்றைக்கும் யாராவது பசியில் "சமைச்சாச்சோ?" என்று கேட்டால், "அக்காவைக் கேள், அவள் நேற்றே பரிமாறியிருப்பாள்," என்பார் அம்மா. என் கல்யாணத்தன்று தாலி ஏறுவதற்கு முன் யாழினி மணவறைக்குப் பின்னால் வந்து குனிந்தாள். "அக்கா, செய்தி அனுப்பியாச்சோ?" படத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது அதனால்தான். (வெட்கம் என்று மாமியார் எல்லோருக்கும் சொல்லிவருகிறார்.)

யாழினி இப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கட்டடத்துக்கு இன்னும் கூரை போடவில்லை.