வடக்கு காலரியும் என் கோதுமை மாவும்

மதிப்புக்குரிய பொன்விழா மலர் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்தில் புல் வெட்டிக் கோடு போட்டவருடைய மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உங்கள் வீட்டார் நலம் அறிய ஆவல். நான் அதிகம் படித்தவள் அல்ல. பார்த்ததை மறந்தவளும் அல்ல.

பழைய ஊழியர் வீடுகளுக்குத் திருத்தம் கேட்டு நீங்கள் அனுப்பிய அரங்க வரலாற்றை மருமகள் வாசித்துக் காட்டினாள். தரிசு நிலம் நிர்வாகத்தின் தொலைநோக்கால் அரங்கமாயிற்று என்று இருக்கிறது. தரிசு இல்லை ஐயா, குப்பைமேடு. விடுதி கட்டியபோது மிஞ்சிய கல்லையும் உடைசலையும் அங்கேதான் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் பொறுக்கிப் பொறுக்கியே இடுப்பு போனது. அது போகட்டும். திறப்பு விழா ஆட்டத்தில் கோப்பையைக் காப்பாற்றிய கோல்கீப்பர் என்று என் கொழுந்தனுக்கு முழுப்பக்கப் படம், வடக்கு காலரிக்கு அவர் பெயர். அவருடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ‘மற்றும் பலர்’ என்ற இடத்தில் இருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க ஆளில்லை என்று நினைத்தீர்களோ என்னவோ, நான் இருக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பெரிய மனிதர்கள் உட்காரும் படிக்கட்டு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எஞ்சினியர் இருந்த சுண்ணாம்பையெல்லாம் அதற்கே அடித்துத் தீர்த்துவிட்டார், வடக்குப் பக்கப் பெனால்டி பாக்ஸுக்குக் கோடு போட ஒரு கைப்பிடி மிச்சமில்லை, என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து "மாவு இருக்கா?" என்றார், "பசிக்குதா?" என்றேன், "எனக்கில்ல, மைதானத்துக்கு" என்றார், மாதம் முழுவதற்கும் வைத்திருந்த கோதுமை மாவை டப்பாவோடு தூக்கிப்போய்க் கோடு போட்டார். லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் தலைமை விருந்தினர் வரத் தாமதம், எல்லாரும் வாசலில் போய் நின்றார்கள், காலரிக் கூரையில் இருந்த புறா மொத்தமும் இறங்கிப் பெனால்டி பாக்ஸைச் சாப்பிட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பதிவாளரிடம் சொன்னால் அவர், "கோடு தெரியலைன்னா என்னய்யா, பந்து தெரியுதில்ல? ஆரம்பிங்க" என்றார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம் எதிரணி ஃபார்வர்டு பந்தோடு தனியாக வந்தார். என் கொழுந்தன் கோலை விட்டு ஓடிவந்து, கோடு இருந்த இடத்தையும் தாண்டிப்போய், இரண்டு கையாலும் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். பாக்ஸுக்கு வெளியே கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்பது எனக்கே தெரியும். ஃபார்வர்டு "வெளிய! வெளிய!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ரெஃப்ரி குனிந்து தரையைத் தேடினார். கொழுந்தன் எழுந்திருக்காமலே, "உள்ளதான் சார் படுத்திருக்கேன்" என்றார். கோப்பை நமக்கு. மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு என் மாவு டப்பாவை மேளமாக அடித்து நசுக்கினார்கள். அந்தப் புகழில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. கிடைத்த பிறகு ஊரெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணன் போட்ட கோடு, அழியாம என்ன செய்யும்?" மாவைக்கூட மன்னிப்பேன். இதை மன்னிக்கமாட்டேன்.

ஆகையால் பிடித்தது பாக்ஸுக்கு வெளியேதான் என்று மலரில் அச்சிட்டு, வடக்கு காலரிக்கு என் வீட்டுக்காரர் பெயரை வைக்கவேண்டும். நானே சாட்சி.

உங்களுக்கும் அச்சகத்தாருக்கும் என் ஆசிகள். உண்மையை அச்சிட்டால் கூடுதல் ஆசிகள்.

இப்படிக்கு,
‘மற்றும் பல’ரின் மனைவி

பின்குறிப்பு: உறையில் போடச் சொல்லி மருமகளிடம் கொடுத்தேன். போடாமல் வாசித்துவிட்டாள். "அப்போ எங்கப்பா சொன்னது நிஜமா அத்தை?" என்றாள். அந்த ஃபார்வர்டு அவளைப் பெற்றவர், எனக்குச் சம்பந்தி. இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வைத்து "இது கோடு, இது பந்து" என்று ஆரம்பிப்பார். "வயசானா அப்படித்தான் தோணும் சம்பந்தி" என்று நானும் சொல்லி அனுப்புவேன். என் மகன் கல்யாணத்தில் எங்களைப் பின்வரிசையில் உட்காரவைத்த மனிதர். அவர் ஜெயிப்பதைப் பார்க்கவா நான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறேன்?

மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால் கிழிக்காமல் அனுப்புகிறேன். மேலே உள்ளதை அடித்துவிடவும். பந்தை உள்ளேதான் பிடித்தார். கோடு நல்ல சுண்ணாம்புக் கோடு. புறா வரவே இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தாலும் இதைத்தான் சொல்வார், அவருக்கும் பின்வரிசைதான்.

காலரிக்குக் கொழுந்தன் பெயரையே வையுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். சம்பந்திக்கு இப்போது பார்வை மங்கல்.