கத்திரி மறைத்த பதிமூன்று நிமிடங்கள்

சென்ற ஆண்டு ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம், சாய்வான மழை. ஹென்டர்சனில் என் வீட்டு வாசலில் கத்திரி நனைந்து நின்றார். ஆக்லாந்தில் வயது வந்தோருக்கான படங்களை அவரளவு பார்த்தவர் எவருமில்லை. அவரளவு ரசிக்காமல் பார்த்தவரும் எவருமில்லை.

மதுரைக்காரர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை; தணிக்கை வெட்டுகளைக் கணக்கெடுப்பதால் எல்லோருக்கும் கத்திரிதான். மங்கரேயில் வைத்திருந்த டிவிடி கடையை மூடியபின், தகனினியில் மகன் வீட்டுக் கராஜுக்குள் சரக்கோடு குடியேறினார். ஒரே படத்தின் சென்னை, கொழும்பு, கோலாலம்பூர், ஆக்லாந்து வட்டுகளை அடுக்கி, உறைமேல் நிமிடங்களை எழுதியிருப்பார். இரண்டு டிவிகளில் இரண்டு வட்டுகளைச் சேர்த்து ஓடவிடுவார். ஒன்றில் முத்தமும் மற்றதில் பூச்செடியும் வந்தால் பேனாவை எடுப்பார். மற்றபடி முகத்தில் அசைவிராது.

மலேசியத் தாதி ஒருவர், "அண்ணே, இது நல்ல படமா?" என்று கேட்டார்.

"கோலாலம்பூர்ல நூத்திரண்டு நிமிஷம், நல்ல படம்மா. இங்க நூத்திப்பத்து. அந்த எட்டு நிமிஷத்துக்கு நான் பொறுப்பில்ல."

என் மகளின் கலியாணத்தை முடிவாக்க மன்னார்க் குடும்பமொன்று வர இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு படம் கேட்டிருந்தார். "கொழும்பில குடும்பமாப் போய்ப் பாத்தது. நல்ல பாட்டு. எல்லாரும் இருந்து பாப்பம்."

கராஜுக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். கத்திரி கொழும்பு வட்டைத் தந்தார்: நூற்றுப் பதினெட்டு நிமிடம். பக்கத்தில் ஆக்லாந்து வட்டு: நூற்று முப்பத்தொன்று. எதை எடுத்தாலும் வாடகை ஐந்து டாலர். பதிமூன்று நிமிடத்தை விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. அவர் திரும்பிய நேரம் மாற்றி எடுத்துவிட்டேன்.

கொழும்பு வட்டு தட்டிலேயே இருக்கக் கண்டு, போனை நான் எடுக்காததால், அன்று ரயில் மாறி வந்திருந்தார். உள்ளே மன்னார்க் குடும்பம் படம் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"எவ்வளவு ஓடிருக்கு?"

"பத்து நிமிசம். நிப்பாட்டட்டோ?"

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. பதினாலாவது நிமிஷத்துல முதல் வெட்டு. ஒரு துண்டு குடுங்க."

தலையைத் துவட்டியபடி டிவிக்கு நேர்முன்னே நின்றார். டிவி சிறியது, கத்திரி பெரியவர். பிறகு யன்னல் திரையை இழுத்தார். டிவிக்கு மேலே தொங்கிய மாதா படம் சரிந்திருப்பதாகச் சொல்லி நெடுநேரம் நிமிர்த்தினார். காட்சியை முதுகும் சத்தத்தை இருமலும் மறைத்தன. நான் எண்ணினேன்: ஏழு தடவை எழும்பினார். ஒரு தடவையும் திரையைப் பார்க்கவில்லை; மணிக்கூட்டைத்தான் பார்த்தார்.

படம் முடிந்ததும் தலைமையாசிரியர் சொன்னார்: "ஓம், அதே படம்தான். உங்கட சிநேகிதர் மட்டும் ஓரிடத்தில இருக்கமாட்டார் போல."

அவருடைய மனைவி சிரித்தார். பிறகு கலியாணத்தை எந்த மாதம் வைப்பது என்று கேட்டார்.

வாசலில் கத்திரி என் கையில் ஐம்பது சென்ட் காசொன்றை வைத்தார். "பதிமூணு நிமிஷம் நீங்க யாரும் பாக்கல. அதுக்கு வாடகை வாங்கக் கூடாது."

அந்தக் காசை நான் இன்னும் செலவழிக்கவில்லை. மகளின் கலியாணம் குழம்பாமல் போனதற்கு எனக்கு ஆன செலவு நாலரை டாலர்.